வாராவாரம் ஒரு ரிப்பேர்

"என்னங்க, வாஷிங் மெஷின் மறுபடியும் படுத்துடுச்சு!" மனைவி குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"கவலைப்படாதே, என் கிளாஸ் பொண்ணுங்களைக் கூப்பிடுறேன்" என்றார் வாத்தியார்.

சமுதாயக் கல்லூரியில் மெஷின் ரிப்பேர் சொல்லித்தருவது அவர் வேலை. அங்கே இருப்பதோ சுவரில் மாட்டிய மெஷின் படம் மட்டும்தான். திங்கட்கிழமை மாணவிகளுக்கு ஒரு சர்வீஸ் கம்பெனியில் செய்முறைத் தேர்வு. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

மாணவிகள் வந்தார்கள். பின்மூடியைத் திறந்ததுமே ஒருத்தி சிரித்தாள். "போன வாரம் மாதிரியே இந்த ஒயர்தான் சார் கழண்டிருக்கு!"

மாட்டியதும் மெஷின் ஓடியது. ஆனால் தண்ணீர் வெளியேறவில்லை.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது எப்படி வந்துச்சு?"

மாணவிகள் குழாயைக் கழற்றி, பம்பைப் பிரித்து, வேர்க்க விறுவிறுக்க மல்லுக்கட்டினார்கள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு சாக்ஸை இழுத்துப்போட்டுக் குதித்தார்கள்.

மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"வாராவாரம் நீங்க அதே ஒயரையே கழட்டி வெச்சா, பிள்ளைங்க வேற எதைத்தான் கத்துக்கும்? அதான் சாக்ஸை நான் திணிச்சேன். நாளைக்கு ஃப்ரிட்ஜ்ல நீங்க கை வைக்காதீங்க, அதை நான் பார்த்துக்கறேன்."