வாசல் பக்கத்து இடம்

“இதுவும் வேண்டாங்க. சத்தம் போடுது” என்றாள் மருமகள்.

கடைக்காரர் அவளையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் போடுகிற கூடாரத்தை அவர் இதுவரை விற்றதில்லை.

“எதும்மா சத்தம் போடுது?”

“ஜிப்.”

கண்ணை மூடிக்கொண்டு வாசல் ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினாள். சர்ர்ர் என்றது. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போனாள்.

பள்ளிக்கூட லீவுக்கு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் ரெண்டு, மாமனார். இதில் மாமனார் மட்டும் காலையிலேயே ஜகா வாங்கிவிட்டார்.

“எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.”

சொன்ன மனுஷன் வீட்டில் இருக்கலாமே. கடை வரைக்கும் கூடவே வந்து, ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் புகுந்து, படுத்துப் பார்த்து, எழுந்து வந்துகொண்டிருந்தார். வர ஆசையில்லாதவர் செய்கிற வேலையா இது?

மகன்காரன் மடக்கு நாற்காலி எப்படி இருக்கிறதென்று பார்க்கிறேன் என உட்கார்ந்தவன், அப்படியே தூங்கிப்போனான். யோசனை சொல்ல வந்திருந்த அவனுடைய அக்காதான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள். அப்பா வரவில்லை என்று தானாகச் சொன்னாரா, இந்த மகராசி சொல்ல வைத்தாளா என்று அவளுக்குச் சந்தேகம்.

“துணியைப் பாருங்கம்மா” என்றார் கடைக்காரர். “மழை ஒரு சொட்டு உள்ள இறங்காது. நீங்க ஜிப்பையே பார்த்துட்டிருக்கீங்களே.”

“ஜிப் இல்லாம எதுவும் இல்லையா?”

பெருமூச்சு விட்டபடி உள்ளே போனவர், ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். கெட்டிக் கான்வாஸ், பழைய மாடல். நிமிர்த்தி நிறுத்துவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. உள்ளே நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். முன்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சின்னத் தடுப்பு, அதற்குத் தனி வாசல். வாசல் துணியில் மரக்கட்டைப் பொத்தான்கள். கயிற்று வளையத்தில் மாட்டினால் கதவு மூடிக்கொள்ளும்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைக் கழற்றினாள், துணியை விலக்கினாள், மறுபடி மாட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது.

“இதையே எடுத்துக்கலாம். உள்ள நாங்க நாலு பேரு. இந்த வாசல் பக்கத்து இடம் மாமாவுக்கு.”

“அப்பாதான் வரலைங்கறாரே” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“வருவாரு.”

நாத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஏன், எங்கப்பா என்ன வாட்ச்மேனா, வாசல்ல படுக்க வைக்கறதுக்கு? வீட்டுலயும் இதே கதைதான். மாடியில காத்தோட்டமா இருந்தவரைக் கீழ இறக்கி, பாத்ரூமை ஒட்டின ரூம்ல போட்ட. கேட்டதுக்கு, மாமாவால படி ஏற முடியலைன்ன. இங்க என்ன படியா இருக்கு?”

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் மாமனார் நிற்பதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

“அவருக்கு அந்த இடம்தான் சரிப்படும், அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்காரரோடு கல்லாப் பக்கம் போனாள்.

“பார்த்தியாடா உன் பெண்டாட்டி திமிரை?” அக்கா தம்பியை உலுக்கினாள்.

“அதை விடு. இந்த மூட்டையை யாரு தூக்கறது?” என்று கேட்டுவிட்டு அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். கொடுத்து வைத்த பிறவி.

இதற்குள் பெரியவர் அந்தத் தடுப்புக்குள் புகுந்திருந்தார். பொத்தானைக் கழற்றி வெளியே வந்தார். உள்ளே போனார். படுத்தார். திரும்பவும் வெளியே வந்தார். துணிக்கதவு மூச்சு விடவில்லை. புது பொம்மை கிடைத்த குழந்தைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது.

“நானும் போறேன்மா” என்றார் மகளிடம்.

“வாசல்ல போடறேன்னு சொன்னதுக்கப்புறமுமா? உங்களுக்கு ரோஷமே வராதாப்பா?”

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ராத்திரியில எனக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும்மா. வயசாச்சுல்ல. உன் வீட்டுக்கு வந்தா ஒரு ராத்திரி தங்காம ஓடி வந்துடறேனே, ஏன்னு நெனச்ச? ஹால்ல படுத்திருக்கற மாப்பிள்ளையைத் தாண்டித்தான் பாத்ரூம் போகணும். கூடாரத்துலயும் ஜிப்பை இழுத்து இழுத்துப் பிள்ளைங்க தூக்கத்தைக் கெடுக்கணுமான்னுதான் வரலைன்னேன்.”

மகளும் குரலைத் தாழ்த்தினாள்.

“இதை ஏம்பா எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. இதுவரைக்கும் யாருகிட்டயும் நான் வாயைத் திறக்கல. உன் தம்பிக்குக்கூடத் தெரியாது.”

“அப்ப அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

பெரியவர் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூட்டை கட்டும்போது ரெட்டை முடிச்சுப் போடணும் என்று மருமகள் கடைக்காரரை மறுபடி படுத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கீழ் ரூமுக்கு நான் வந்த புதுசுல, கதவைத் தொட்டாலே கிரீச்னு வீடே முழிச்சுக்கும். ஒருநாள் பார்த்தா சத்தமே இல்ல” என்றார். “கதவு தானாவே சரியாயிடுச்சுன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேம்மா.”