துப்பாக்கிக்கும் ஒரு பாலிசி

கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது மாலை ஏழரை மணி. வீட்டில் நான் மட்டும்.

மனைவி விஷாகாவும் மகளும் நீச்சல் வகுப்பிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கார் வந்த சத்தமும் இல்லை.

பெட்டகத்திலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். ஃபிரிஸ்கோவில் ஆறு வாரம் மாலைத் துப்பாக்கி வகுப்புக்குப் போய்க் கற்றதெல்லாம் என் நோட்டில் வரிசை எண்ணோடு இருக்கிறது. ஒன்று, மறைவான இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு, குரல் கொடுக்க வேண்டும். அல்லது குரல்தான் முதலிலா?

சமையலறையை ஒட்டிய பேன்ட்ரிக்குள் நுழைந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றேன். குரல் கொடுப்பதைத் தள்ளிப்போட்டேன்.

கடைசி வகுப்பு மட்டும் தெளிவாக நினைவிருந்தது. சுட்ட பிறகு முதல் அழைப்பு போலீஸுக்கு, 911. அடுத்த அழைப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு. தற்காப்புக்காகச் சுட்டால் வக்கீல், ஜாமீன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வகுப்பு முடிந்ததுமே விண்ணப்பித்துவிட்டேன்.

காலடிச் சத்தமே கேட்கவில்லை. வந்தவன் செருப்பைக் கராஜிலேயே கழற்றியிருக்க வேண்டும். தேர்ந்த திருடன் என்று முடிவு செய்தேன்.

ஃபிரிட்ஜ் திறந்தது.

இதை வகுப்பில் சொல்லித் தரவில்லை.

கதவிடுக்கில் ஒரு முதுகு தெரிந்தது. பத்தடி இருக்கும். எனக்கே குறி தவறாத தூரம்.

சற்று நேரம் கழித்து முதுகு திரும்பியது. பக்கத்து வீட்டுப் பசுபதி அங்கிள். ஃபிரிட்ஜில் இட்லி மாவு வைக்க வந்திருக்கிறார்.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவருக்குக் கராஜ் கதவின் ரகசிய எண்ணைக் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு அவர் காலிங் பெல்லைத் தொட்டதில்லை.

வெளியே வந்தேன். என் கையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏம்ப்பா, துப்பாக்கிய வச்சுக்கிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளியறியே! நெஜத் திருடனா இருந்தா என்ன பண்ணுவ? பட்டுனு சுட வேணாமா?”

“நீங்கன்னு தெரிஞ்சுது அங்கிள்.”

தோளில் தட்டிவிட்டுப் போனார்.

உண்மையில் அவரென்று தெரியவில்லை. முதுகை மட்டும் பார்த்தபோது விரல் விசையில்தான் இருந்தது. அழுத்துவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கையால் கைப்பேசியில் பாலிசியை ஒருமுறை சரிபார்த்தேன்.

நாளையிலிருந்துதான் அமலுக்கு வருகிறது.