மூன்றாவது ஊசி

கச்சான் கடலைத் தோட்டத்தின் மேற்கு வேலியைப் பிய்த்துக்கொண்டு பன்றி உள்ளே வந்தது.

ராக்காயி வில்லை எடுத்தாள். நாற்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். பொழுது இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பன்றியும் இருட்டும் ஒரே நிறம்.

இதே பன்றி போன மாதம் பாதித் தோட்டத்தைக் கிண்டிவிட்டுப் போயிருந்தது. மீதியும் போனால், காணியைத் தன்னிடம் விட்டுவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று கொழுந்தன் மாரிமுத்து சொல்லியிருந்தான். அவன் வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் குசினி அடுப்படிதான்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடி வந்து, விசுவமடுவில் அவளும் புருசன் பொன்னையாவும் காடு வெட்டி எடுத்த காணி. கேட்டவுடன் எழும்பிக் கொடுக்க அது என்ன பஸ்ஸில் பிடித்த சீட்டா?

முன்பு பன்றியைச் சுடத் துவக்கு இருந்தது. ஊரில் இருந்த துவக்குகளையெல்லாம் இப்போது ஆமிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சீனவெடி கொளுத்தினால் பன்றி போகுமோ இல்லையோ, ஆமி வந்துவிடும்.

வில்லுக்குச் சத்தமில்லை. அதனால்தான் ராக்காயி மூங்கிலை வளைத்தாள். உடைந்த மண்வெட்டித் தகட்டை வெட்டி அம்புக்கு முனை தீட்டினாள். உரச்சாக்கில் வைக்கோல் அடைத்து, நடுவில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து எய்து பார்த்தாள்.

முதல் கிழமை, சாக்கைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் அம்பு போனது.

துவக்குக் குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சின்ன மணி இருக்குமே, வில்லுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரு தகர ஆணியை நூலால் கட்டினாள்.

ஆணிக்குப் பெரிய தலை. அந்தியிலும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் நாற்பது எட்டில் நின்று பார்த்தால் அது பாதிச் சாக்கை மறைத்துக்கொண்டு நின்றது.

அதை அவிழ்த்துவிட்டுக் குண்டூசியைக் கட்டினாள். பகலில் பொட்டு அழகாகத் தெரிந்தது. பன்றி வருகிற நேரத்தில் பார்த்தால் குண்டூசியைக் காணவில்லை.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

மூன்றாவது ஊசி நேற்று அந்தியில்தான் கிடைத்தது. கடுகளவு தலை. அது எதையும் மறைக்கவில்லை, மங்கலிலும் தொலையவில்லை. ஆறு அம்பில் ஐந்து பொட்டிலேயே ஏறின. இத்தனை நாள் இதை யோசிக்காமல் இருந்தேனே என்று அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது.

இதற்கிடையில் ஊர் வேறு இன்று காலையிலிருந்து பொன்னையாவைச் சாகடித்துக்கொண்டிருந்தது.

விதை வாங்க வவுனியாவுக்குப் போன பொன்னையா எட்டு மாதமாகத் திரும்பவில்லை. செத்த செய்தியையும் எவரும் கொண்டுவரவில்லை. செய்தி வராத சாவுக்கு எதற்கு அழ வேண்டும் என்று ராக்காயி அழாமல் இருந்தாள். மூக்குத்தியைக் கழற்று, கருமாதியை முடிப்போம் என்று மாரிமுத்து ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கருமாதி முடிந்தால்தானே காணிக்கு ஆள் மாறும்.

இன்று காலை கிணற்றடியில், குளித்த முகத்தோடு நின்ற ராக்காயியைப் பக்கத்து வீட்டு வடிவம்மா ஏறிட்டுப் பார்த்தாள். நெற்றியில் பொட்டில்லை. மூக்கிலும் ஒன்றுமில்லை.

"கழட்டிப்போட்டியே பிள்ளை" என்று அவள் கட்டிப்பிடித்து அழுதாள்.

ராக்காயி ஆமாம் என்றாள். கழற்றியது உண்மைதானே.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெயில் ஏறுமுன் செய்தி மாரிமுத்துவுக்குப் போய்விட்டது. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனதாகச் சொன்னார்கள்.

பன்றி தலையைத் தாழ்த்தி கச்சானைக் கிண்டத் தொடங்கியது.

ராக்காயி அம்பைத் தொடுத்தாள். பயம்தான். நாணைக் கன்னம்வரை இழுத்தபோது அந்தப் பயம் ஆத்திரமாகிவிட்டது. கடுகளவு தலையைப் பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தாள். ஊசியும் தெரிந்தது, பன்றியும் தெரிந்தது.

விட்டாள்.

பன்றி இரண்டு வரிசைக் கச்சானை உழுதுகொண்டு ஓடி, வேலியோரத்தில் விழுந்தது.

"மதினி" என்று பின்னால் குரல் கேட்டது. மாரிமுத்து நின்றான். கையில் வெள்ளைச் சேலை. "இதக் கட்டிக்குங்க. நாளைக்கே கருமாதிய வச்சிருவோம்."

ராக்காயி வில்லை முகத்தருகே பிடித்து, கைப்பிடிக்கு மேலே கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்தாள். ஊசி உள்ளங்கையில் விழுந்தது. மிச்சமிருந்த வெளிச்சத்தில் அதன் வெள்ளைக் கல் மினுங்கியது.

முந்தானையில் துடைத்து, மூக்கில் போட்டு, திருகாணியை இறுக்கினாள்.

பிறகு அவன் கையிலிருந்த சேலையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"நல்ல நீளமாத்தான் இருக்கு தம்பி. பன்னி எறச்சிய இதுல கட்டித் தாரேன், கொண்டு போங்க. உங்க அண்ணன் பங்கு மட்டும் இங்க இருக்கட்டும்."