வலது முட்டி

ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் செருகிய கிளப் டாக்டர், விசிலடிக்காத குறையாகச் சிரித்தார்.

“முப்பத்திரண்டு வயசா உங்களுக்கு? நம்பவே முடியலை. இருபது வயசுப் பையனோட முட்டி சார் இது!”

எதிரே உட்கார்ந்திருந்த கால்பந்து மிட்ஃபீல்டர் தலையை மட்டும் ஆட்டினான்.

படத்தின் மூலையில் அவன் பெயர் இருந்தது. முட்டி அவனுடையது இல்லை. இருபத்தேழு வயதுத் தம்பியுடையது.

அவனுடைய சொந்த வலது முட்டியில் இனி தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. காலையில் டாக்டர் அதை மடக்கி, முறுக்கி, அழுத்திப் பார்த்தபோது, வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்த ஊசி காப்பாற்றியது. ஸ்கேனிடம் ஊசி எடுபடாது.

அதனால்தான் தம்பி. அதே உயரம், அதே மூக்கு. தாடியை மட்டும் ஒரே அளவாக வெட்டிக்கொண்டார்கள். அடுத்த தெருவிலிருந்த ஸ்கேன் சென்டரில் அண்ணனின் அடையாள அட்டையை நீட்டியதும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

தம்பி கூரியர் வேன் ஓட்டுகிறவன். கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டான். “எனக்காக நீ கணக்குப் பரீட்சை எழுதலையா? நாற்பது மார்க் எடுத்து என் மானத்தை வாங்கினே. நான் உன் பேரைக் காப்பாத்துறேன், பாரு!”

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு பத்து. ஐந்து மணியோடு வீரர்களைப் பதிவு செய்யும் கெடு முடிகிறது. கீழே மேனேஜர் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு காத்திருந்தார். இதை விட்டால் வேறு கிளப் இல்லை. பழைய கிளப், அலமாரிச் சாவியைப் போன மாதமே திருப்பி வாங்கிக்கொண்டது.

மைதானத்தில் அவனுக்கு ‘ஆந்தை’ என்று பெயர். பந்து காலுக்கு வருமுன் இரண்டு தடவையாவது கழுத்தைத் திருப்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடுவான். பதினான்கு வருடம் அவன் சோறு தின்றது அந்தக் கழுத்தால்தான்.

“ஆனா…” என்றார் டாக்டர்.

அவருடைய பேனா முனை முட்டிக்குச் சற்று மேலே, தொடை எலும்பு முடிகிற இடத்தில் போய் நின்றது. பட்டாணி அளவில் ஒரு நிழல்.

“இந்த இடத்துல வலி இருக்கா? முக்கியமா படுத்திருக்கும்போது, கால் சும்மா இருக்கும்போது?”

“வலி இல்லை டாக்டர்.”

கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. எத்தனையோ டாக்டர்களிடம் அவன் சொல்லிப் பழகிய பதில். கணுக்கால் பானைபோல் வீங்கியபோதும் அதுதான். விலா எலும்பு விரிசல் விட்டபோதும் அதுதான். வலி என்று சொன்னவன் பெஞ்சில் உட்காருவான். அவன் இடத்தில் அடுத்தவன் ஆடுவான். பிறகு எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

“யோசிச்சுச் சொல்லுங்க. வலி இருந்தா விஷயமே வேற. இன்னிக்குக் கையெழுத்தை நிறுத்திட்டு, அந்த எலும்புல கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாகணும். இதுல சிலது நமக்காகக் காத்திருக்காது. வலியே இல்லைன்னா பழைய அடியோட தழும்பா இருக்கலாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துக்கலாம்.”

அவன் யோசித்தான்.

தம்பி தினமும் பார்சலும் கையுமாக நூறு மாடி ஏறி இறங்குகிறவன். வலி இருந்தால் சொல்லியிருக்க மாட்டானா? போன் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மணி நான்கு இருபது.

“இல்லவே இல்லை டாக்டர்.”

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கையெழுத்தானது. எட்டாம் எண் ஜெர்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றான்.

வாசலுக்கு வந்தபோது தம்பி வேனில் சாய்ந்தபடி நின்றிருந்தான்.

“என்ன ஆந்தையாரே, ஆச்சா?”

“ஆச்சு.”

“ஸ்கேன்ல என்னண்ணே சொன்னாங்க? என் முட்டி எப்படியாம்?”

“இருபது வயசுப் பையன் முட்டியாம்.”

“அப்பாடா!” தம்பி அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். வலது முட்டிக்கு மேலே கையால் தேய்த்துவிட்டுக்கொண்டான். “உன்கிட்ட சொன்னா நீ வேற ஆளைத் தேடிடுவியோன்னு சொல்லலை. ரெண்டு மாசமா படுத்தா போதும், இந்த இடம் குடையுது. தூங்க விடமாட்டேங்குது. டாக்டர்கிட்ட போ, போன்னு உன் தம்பி பொண்டாட்டி என் உயிரை எடுக்குறா. பயமா இருந்துச்சுண்ணே. நீ ஸ்கேன்னு சொன்னதும், நாமளும் தெரிஞ்சுக்குவோமேன்னுதான் வந்தேன்.”

பேசிக்கொண்டே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான்.

“ஒண்ணுமே இல்லையாம்டி. பெரிய கிளப் டாக்டரே பார்த்துச் சொல்லிட்டாரு. அண்ணன் பக்கத்துலதான் இருக்கு, வேணும்னா நீயே கேளு.”

போன் நீண்டது.

மிட்ஃபீல்டர் அதை வாங்கினான். இரண்டாவது மாடியில் டாக்டர் அறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கழுத்தைத் திருப்பினால் தெரியும்.

அவன் திருப்பவில்லை.

“ஆமாம்மா,” என்றான். “ஒண்ணுமில்லை.”