தடுப்புக்கு அந்தப் பக்கம்

"ஏம்மா, பாப்பாவோட சத்தத்தை நிறுத்தச் சொன்னே?"

ஸ்கேன் அறையிலிருந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னப்பெண் இப்படிக் கேட்டாள். நிறைமாதமாக இருந்த அம்மா பெஞ்சின் ஓரத்தில் இருந்த தையல்காரியை ஒரு கணம் பார்த்தாள். குழந்தைக்குச் செருப்பை மாட்டி, கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கேள்வி தையல்காரியின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. கிடைத்தவளுக்கு அருமை தெரியவில்லையே என்று வயிறு எரிந்தது.

பெஞ்சுக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். உள்ளே குழந்தையின் இதயத்துடிப்பை டாக்டர் கேட்கவைத்தால், பெஞ்சில் சாய்ந்திருப்பவளுக்கும் கேட்கும். தையல் மிஷினை விடாமல் மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அன்று அது தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனது.

தையல்காரி வருவது வேறு ஸ்கேனுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள், கருமுட்டை வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் தெரியும் கறுப்பு வட்டம் கோட்டுப் பொத்தான் அளவுக்கு வளர்ந்தால்தான் முட்டை வெளியே வரும் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடையது சட்டைப் பொத்தானோடு நின்றுவிடும். மாத்திரையை மாற்றினார்கள், ஊசி போட்டார்கள். பொத்தான் மட்டும் பெரிதாகவில்லை.

"உங்களுக்கு இங்கயே ஒரு அலமாரி போட்டுத் தந்துடலாம்க்கா" என்பாள் நர்ஸ். தையல்காரியும் சிரித்துவைப்பாள்.

துணைக்கு யாரும் வந்ததில்லை. கணவர் ரயில் ஓட்டுநர். வீட்டில் இருக்கும் நாளிலும் தூங்கத்தான் நேரம். மாமியார் விசேஷம் உண்டா என்று கேட்பதையே விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை போலிருந்தது. வீட்டுக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சத்தமே காதில் விழும். காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பிறகு சில வாரங்கள் அவள் வரவில்லை. கொஞ்சநாள் வரவேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இன்று மறுபடியும் அதே பெஞ்சு, அதே ஓரம். எப்போதும் பாத்ரூம் போய்விட்டு வரச்சொல்லி விரட்டுகிற நர்ஸ், இன்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"முழுசா குடிச்சிடுங்கக்கா. மிச்சம் வைக்காதீங்க."

உள்ளே கூப்பிட்டபோது அவள் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கும் சலித்திருக்கும் என்று தோன்றியது.

அவள் எழுந்ததும், நின்றுகொண்டிருந்த ஓர் இளம்பெண் அந்த இடத்தில் உட்கார்ந்து தடுப்பில் சாய்ந்தாள். அவளும் தனியாகத்தான் வந்திருந்தாள். போனில் யாரிடமோ, இன்றைக்கும் முட்டை வளரவில்லை என்றால் அடுத்த மாதம்தான் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் ஜெல் சில்லென்று பட்டது. தையல்காரி திரையைப் பார்க்கவில்லை; மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் படுக்கை விரிப்பின் ஓரத்தை, தைக்கப்போவது போல மடித்து மடித்து விட்டன.

"இந்தப் பக்கம் திரும்புங்கம்மா" என்றார் டாக்டர்.

திரும்பினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே பொட்டு மாதிரி ஒன்று விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தானே இத்தனை நாள் அலைஞ்சீங்க? இருங்க, காதாலயும் கேட்டுடுங்க."

டாக்டரின் கை சத்தத்தைக் கூட்டும் குமிழுக்குப் போனது. நிறைந்திருந்த தையல்காரியின் கண்கள் பிளைவுட் தடுப்பின் பக்கம் திரும்பின. சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"சத்தம் மட்டும் வேணாம் டாக்டர். அந்தப் பக்கம் ஒருத்தங்க உட்காந்திருக்காங்க."