வேர் என்று நினைத்தது

முதல் குழிக்குக் கடப்பாரை இறங்கியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டங்கென்றது மண்.

புருஷன் சவரிமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இந்த மண் இனித் தேறாதென்று நான் அப்போதே சொன்னேனே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்வையே சொன்னது.

பதினெட்டு வருஷம் தைலமரம் நின்ற நிலம். வெட்டி மூன்று வருஷமாகிறது. கடலை போட்டார்கள், முளைக்கவில்லை. எள் போட்டார்கள், முளைத்துக் கருகியது. மழையும் முன்போல் இல்லை. ஒரு மாசத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடுகிறது. நாலே நாளில் தரை பழையபடி இறுகிவிடும்.

இனி இங்கே தைலமரம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தைலக்கன்றுகள் காலையிலேயே வேன் ஏறி வந்து வரப்போரம் இறங்கிவிட்டன. வைத்துவிட்டால், அவள் ஆயுசில் இந்த மண்ணில் ஒரு பிடி கடலை பார்க்க முடியாது.

கிணற்றோரம் பத்து சென்ட்டை மட்டும் அவள் மூன்று வருஷமாக வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் சாணியும் கொட்டி மூடிவைத்திருந்தாள். நிலத்துக்குக் குளிர் காய்ச்சலாம், போர்த்திவிடுகிறாள் என்று ஊரே சிரித்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். மாட்டுக்கொட்டகையில் நின்று ஒருநாள் அழுதாள். சருகு அள்ளுவதைத்தான் நிறுத்தவில்லை.

குழிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் கடப்பாரையை எகிறவைத்தது.

கடைசியில் அவர் அந்தப் பத்து சென்ட்டுக்குள் கால் வைத்தார்.

அவள் தடுக்கவில்லை. தடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

சருகை ஒதுக்கிவிட்டு ஓங்கிக் குத்தினார்.

கடப்பாரை சத்தமே இல்லாமல் இறங்கியது.

கல்தரைக்கு ஓங்கிய வேகம். ஆள் தடுமாறி முட்டி போட்டுவிட்டார்.

மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தார். உருண்டை நின்றது. ஆவணி வெயில், மழையைக் கண்டு நாற்பது நாளாகியிருந்தது. விரலெல்லாம் ஈரம்.

குழியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"தைல வேரு இன்னும் சாகல புள்ள" என்று பிடித்து இழுத்தார்.

வேர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அவர் கையை வெடுக்கென்று எடுத்தார். குனிந்தார். பக்கத்தில் இன்னொன்று நெளிந்தது. அதற்கும் கீழே ஒன்று.

மண்புழு.

இந்த நிலத்தில் அதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் தோண்டிய மண்ணைக் கையாலேயே தள்ளிக் குழியை மூடினார். அழுத்தவில்லை.

எழுந்து, வெறுந்தரையாகக் கிடந்த மிச்ச நிலத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துக்கு எத்தன வண்டி சருகு வேணும்?"