அமெரிக்கக் கணக்கு

"மடச் சனம், இந்திரகுமார்! இதுகளுக்குத் தேர்தல் எண்டால் என்னெண்டே தெரியாது."

விக்னராஜா சொன்னால் மறுபேச்சு இருக்கக்கூடாது. மெல்பேர்னில் அமெரிக்க வரலாறு படிப்பிக்கிறவர். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கட்டுரைகளையே பச்சை மையால் கிழிகிழியென்று கிழிக்கிறவர். அப்படிப்பட்டவர் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கு மகேந்திரராஜாவிடம் இரண்டு முறை தோற்றிருந்தார். இந்த எழுபத்தாறாம் ஆண்டிலும் தோற்றால் வெளியில் தலைகாட்ட முடியாது.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் ஒரே நாளில் தேர்தல். சேர்ச் மண்டபம் நிறைந்திருந்தது.

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டிலை அமெரிக்காவிலை ஒரு கட்சி ரெண்டாய் உடைஞ்சுது. மற்றவன் இடையிலை புகுந்து ஜனாதிபதிப் பதவியையும் எடுத்தான், காங்கிரஸ் சபையையும் அள்ளினான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணை?"

"மகேந்திரராஜாவின்ரை மச்சான் வரதராஜனை உசுப்பேத்திப் போட்டிக்கு நிக்க வைச்சது ஆர் எண்டு நினைக்கிறீர்?" விக்னராஜா தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

மேடையில் செயலாளர் யோகராணி வாக்குத்தாளைத் தூக்கிப்பிடித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவ என்னவோ சொல்லுறா."

"அவவிட்டையோ நான் தேர்தல் படிக்கிறது? விடும் ஐசே!"

தாள் கைக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் வாக்கைப் போட்டு, மடித்துப் பெட்டிக்குள் தள்ளினார்.

எண்ணி முடித்து யோகராணி மைக்கைப் பிடித்தார்.

"வரதராஜன் கடைசி. அவரின்ரை வாக்குகளை ரெண்டாம் தெரிவுப்படி மற்ற ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்த பிறகு மகேந்திரராஜாவும் விக்னராஜாவும் சமம். சமமெண்டால் எங்கட விதிப்படி இருக்கிற தலைவரே தொடருவார். செயற்குழுவிலையும் அவரின்ரை ஆக்கள்தான் வெண்டிருக்கினம்."

விக்னராஜா தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். ஐயோ, ஒரேயொரு வாக்கு!

"இன்னொரு தாள் இருந்தது. விக்னராஜா அண்ணைக்குத்தான் போட்டிருக்கு. ஆனால் செல்லாது."

கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார் விக்னராஜா. "எந்த மடையன் அது? ஒழுங்காய் ஒரு வாக்குப் போடத் தெரியாத மாட்டையெல்லாம் ஆர் உள்ளை விட்டது?"

யோகராணி அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"இந்த நாட்டு முறைப்படி மூண்டு பேருக்கும் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போடச் சொல்லி மேடையிலை நிண்டு கத்தினனான். அந்த ஆள் ஊர்ப் பழக்கத்திலை பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடியை மட்டும் போட்டிருக்கிறார் அண்ணை" என்றபடி தாளை விரித்துக் காட்டினார். "பச்சை மையிலை."